சாமி மேலேயும் குத்தாதே, புருஷன் மேலேயும் குத்தாதே

பழவேற்காடு கடைத்தெருவில், மருந்துக் கடைக்கும் வலைக் கடைக்கும் நடுவில், ஒரு புதுக் கடை வந்திருக்கிறது. கண்ணாடிக் கதவு, ஏசி, சுவர் முழுக்கப் படங்கள். பலகையில் பெரிதாக ‘டாட்டூ’ என்று போட்டு, அடியில் சின்னதாகப் ‘பச்சை குத்தப்படும்’ என்றும் எழுதியிருக்கிறார்கள். பெரிய எழுத்து காலேஜ் பிள்ளைகளுக்கு, சின்ன எழுத்து அவர்களுடைய அம்மாக்களுக்கு என்று நினைக்கிறேன்.

நான் பார்த்த வேலையை இப்போது பார்க்கும் தீபா போன் செய்தாள்.

“மேடம், அந்தக் கடைக்குப் போய் ஊசி, கையுறையெல்லாம் சுத்தமா இருக்கான்னு பார்த்துட்டு வரச் சொல்லியிருக்காங்க. நீங்களும் கூட வரீங்களா?”

“நான் ரிட்டயர் ஆனவம்மா. எனக்கு என்ன அதிகாரம் இருக்கு?”

“அதிகாரம் எனக்கு இருக்கு மேடம். தைரியம்தான் இல்ல. அதுக்குத்தான் கூப்பிடறேன்.”

இப்படிப் பேசுகிற பெண்ணிடம் முடியாது என்று எப்படிச் சொல்வது? வருகிறேன் என்றேன். போனை வைக்கும் முன், “உங்களுக்குத்தான் பச்சைன்னா உயிராச்சே. அந்தக் கதையெல்லாம் எழுதி வைங்க மேடம், எங்களுக்கும் உதவும்” என்றும் சொல்லி வைத்தாள். பக்கத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர் தலையைத் தூக்காமலே, “அப்படியே என் பேரையும் ஒரு ஓரமாக் குத்திக்கிட்டு வா” என்றார்.

“உங்க பேரு ரேஷன் கார்டுல இருக்கு, போதும்” என்றேன்.

நான் கிராம சுகாதாரச் செவிலியர். ‘இருந்தேன்’ என்று எழுத வேண்டும், கை வரவில்லை. பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்லப் பெரிதாக ஒன்றுமில்லை. ஆரஞ்சுப் பழத்தில் ஊசி குத்திப் பழகினோம். பிறகு ஒருத்தி கையில் ஒருத்தி குத்தி, எல்லாருடைய சாபத்தையும் வாங்கிக்கொண்டு வெளியே வந்தோம். ஏரிக்கரைக் கிராமங்களுக்கு வேலை போட்டார்கள். பச்சை என்றால் அப்போது எனக்கு ஒரு மாதிரிதான். எங்கள் வீட்டில் அது கூடாது. சின்ன வயதில் பேனாவால் கையில் பூ வரைந்ததற்கே அப்பாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறேன். அப்படிப்பட்டவளைக் கொண்டுபோய்ப் பச்சை இல்லாத கையே கிடையாது என்கிற ஊரில் விட்டார்கள்.

பசியாவரத்துக்குப் படகில் என்னை முதலில் கூட்டிக்கொண்டு போனவர் எஸ்தர் அக்கா. எனக்கு மேலதிகாரி. வெள்ளைப் புடவை, கறுப்புக் குடை, ஆண்கள் கட்டும் பெரிய வாட்ச். அவர் குரலை உயர்த்தி யாரும் கேட்டதில்லை. எவ்வளவு கோபமோ அவ்வளவு மரியாதை கொடுப்பார், அதுதான் அவர் வழக்கம். “வாடி” என்றால் எல்லாம் நன்றாக நடக்கிறது என்று பொருள். “வாம்மா” என்றால் எங்கோ தப்பு. “வாங்கம்மா, உட்காருங்க” என்று ஒருநாள் சொன்னார். அன்றைக்கு நான் மருந்துப் பெட்டியை வெயிலில் வைத்திருந்தேன்.

அந்தப் பெட்டியை அவர் பார்த்துக்கொண்ட விதத்தைச் சொல்ல வேண்டும். தடுப்பு மருந்தைச் சுற்றி வைக்கும், தண்ணீர் அடைத்த ஐஸ் டப்பாக்களைக் குளிர்பெட்டியிலிருந்து எடுத்ததும் நேரே உள்ளே வைக்க விடமாட்டார். மேஜை மேல் பரப்பி, வேர்க்கும்வரை காத்திருப்பார். பிறகு ஒவ்வொன்றாகக் காதருகே வைத்து ஆட்டுவார். உள்ளே தண்ணீர் லேசாகக் குலுங்கினால்தான் பெட்டிக்குள் போகும். ரொம்பக் குளிர்ந்தாலும் மருந்து கெட்டுப்போகும் என்று புத்தகத்தில் படித்திருந்தேன். காதால் பார்ப்பதை அவரிடம்தான் பார்த்தேன். படகுக்காரர்கள், “இன்னா அக்கா, ஐஸு இன்னா சொல்லுது?” என்று கேட்பார்கள். “உன்னை ஜல்தி தள்ளச் சொல்லுது” என்பார்.

அன்று பசியாவரத்தில் முதல் ஊசி ஒரு கர்ப்பிணிக்கு. புருஷன் பெயர் என்ன என்று பதிவுக்காகக் கேட்டேன். வாயைத் திறக்காமல் இடது கையை நீட்டினாள். காது கேட்காது போலிருக்கிறது என்று சத்தமாக மறுபடி கேட்டேன். இன்னும் கொஞ்சம் நீட்டினாள். எஸ்தர் அக்கா மெதுவாக, “படிம்மா” என்றார். அந்த ‘ம்மா’வில் எனக்குப் பயம் வந்து குனிந்து பார்த்தேன். முழங்கைக்குக் கீழே பச்சையில் ‘சு. தேசப்பன்’ என்று இருந்தது. புருஷன் பெயரை வாயால் சொல்லக் கூடாது, ஆனால் கையில் எழுதி ஊருக்கெல்லாம் காட்டலாம். இந்த ஏற்பாடு எனக்கு அன்றைக்கே பிடித்துப்போனது.

எழுதிக்கொண்டு, அவள் புஜத்தைத் துடைத்து ஊசியை ஓங்கினேன். வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டாள்.

“ஐய, எல்லம்மா மேல குத்திடாத!”

புஜத்தில் எல்லம்மா சூலத்தோடு உட்கார்ந்திருந்தாள். அக்கா என்னிடமிருந்து ஊசியை வாங்கி, அந்தக் கையைத் தன் மடிமேல் சாய்த்து வைத்துக்கொண்டு சொன்னார்: “சாமி மேலேயும் குத்தாதே, புருஷன் மேலேயும் குத்தாதே. நடுவுல எடம் இருக்கும், தேடு.”

இருந்தது. அந்த இடத்தைக் கட்டைவிரலால் அழுத்தியபடி, “இந்த எல்லம்மாவுக்கு மூக்குத்தி வலப்பக்கம் போட்டிருக்கே, யாரு குத்துனது?” என்று கேட்டார். அந்தப் பெண் தன் கையைத் தானே குனிந்து பார்த்து, “ஆமா இல்ல? இத்தினி நாளா நான் பாக்கவே இல்லியே. எங்க சித்தி வூட்டுத் திருவிழால ஒரு அம்மா” என்று ஆரம்பித்தாள். அவள் சொல்லி முடித்தபோது அக்கா பஞ்சை வைத்துத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

திரும்பும்போது படகில் அதை எனக்கு விளக்கினார். கேள்வி முடியும்போது ஊசி உள்ளே போக வேண்டும். பதில் முடியும்போது வெளியே வந்திருக்க வேண்டும். எங்கள் பக்கத்தில் கேள்வி கேட்கப் பச்சையைவிட நல்ல இடம் கிடையாது, கை நிறையக் கதை. ஆனால் ஒன்று.

“சும்மா கேக்கணுமேன்னு கேக்காதே. உனக்கு நிஜமாத் தெரிஞ்சுக்கணும்னு இருக்கணும். இல்லேன்னா அவங்களுக்குத் தெரிஞ்சுடும், கை இறுகிடும்.”

நிஜமாகவே தெரிந்துகொள்ள வேண்டும் என்றால், முதலில் நன்றாகப் பார்க்க வேண்டும். அப்படித்தான் நான் பார்க்க ஆரம்பித்தேன். பார்க்கப் பார்க்க ஆசை விட்டபாடில்லை. மனிதர்களை எல்லாரும் முகத்தை வைத்து ஞாபகம் வைத்துக்கொள்வார்கள். எனக்குக் கையைக் காட்டினால்தான் ஆள் யாரென்று தெரியும்.

ஒருவர் மார்பில் தன் படகின் பெயரைக் குத்தியிருந்தார். படகை விற்றுவிட்டார். வாங்கியவர் அதில் எதிரே வரும்போதெல்லாம் இவர் சட்டையைத் திறந்து காட்டுவார். படகு அவனுடையதாக இருக்கலாம், பெயர் என்னிடம் இருக்கிறது என்று பொருளாம். இன்னொருவர் ஒரு சினிமா நடிகரின் முகத்தைப் புஜத்தில் குத்தச் சொல்லியிருக்கிறார். குத்தியவருக்கு அன்று கை வாகு சரியில்லை. முடித்துப் பார்த்தால் அச்சு அசல் அவருடைய மச்சான். வேறு வழியில்லாமல், மச்சானைத்தான் குத்திக்கொண்டேன் என்று வீட்டில் சொல்லிவிட்டார். அவர் மனைவிக்கு அன்று முழுக்கக் கண்ணில் தண்ணீர். அந்த மச்சான் இன்றைக்கும் அவருக்காக உயிரை விடுவான்.

கோவிந்தன் என்று ஒரு வலைக்காரர். இரண்டு கையிலும் மணிக்கட்டிலிருந்து தோள்வரை நங்கூரம், சுறா, வேல், அம்மா முகம் என்று காலி இடமே இருக்காது. அவர் என் ஊசியைக் கண்டால் வீட்டுக்குப் பின்பக்கமாக ஓடிவிடுவார். ஒருநாள் மடக்கிப் பிடித்தேன்.

“இத்தினி பச்சை குத்திக்கினப்ப வலிக்கலியா? இந்த ஒரு ஊசிக்கு ஓடறியே?”

அவர் ரொம்ப நியாயமாகச் சொன்னார்: “அது நானா போய் உக்காந்தது நர்சம்மா. இது நீங்க உக்கார வெச்சது.”

பச்சையைப் பற்றி நான் கேட்ட பேச்சுகளில் எனக்கு இன்றுவரை மறக்காதது அதுதான். நம் உடம்புக்கு என்ன நடக்கிறது என்பதில் பாதி மற்றவர்கள் முடிவு செய்வது. காது குத்துவது, மொட்டையடிப்பது, என் ஊசியும் சேர்த்தி. நானாகப் போய் உட்கார்ந்து, வலித்தாலும் பரவாயில்லை என்று கையை நீட்டி, இதுதான் நான் என்று ஒன்றை எழுதிக்கொள்வது வேறு. அது நன்றாக வந்தாலும் எனக்குப் பிடிக்கும், மச்சான் முகமாக வந்தாலும் பிடிக்கும்.

இப்போதைய பிள்ளைகளின் பச்சையைப் பார்த்து என் வயதுக்காரர்கள் முகம் சுளிக்கிறார்கள். எனக்கு அதிலும் குறையில்லை. சிறகு, பட்டாம்பூச்சி, இங்கிலீஷ் எழுத்து என்று வகை வகையாக வருகிறார்கள். இதயத் துடிப்புக் கோட்டை மணிக்கட்டில் குத்திக்கொண்டு வந்த ஒருவனிடம் மட்டும், “தம்பி, இந்தக் கோடு நிஜமா உன்னுதுன்னா இப்பவே ஆஸ்பத்திரிக்குப் போவணும்” என்றேன். பாவம், உண்மையாகவே பயந்துவிட்டான்.

இனி பூங்காவனத்தைப் பற்றி எழுத வேண்டும். இது அவ்வளவு சிரிப்பாக வராது.

தோணிரேவுக்குப் பக்கத்தில் ஏரிக்கரைக் குடியிருப்பில் இருப்பவள் அவள். கையால் இறால் பிடிக்கிற குடும்பம். அங்கே பெண்கள் ஆழமில்லாத தண்ணீரில் உட்கார்ந்தும் தவழ்ந்தும் போவார்கள். பனையோலைக் கூடையான பறியின் கயிற்றைப் பல்லால் கவ்விக்கொண்டு, இரண்டு கையாலும் சேற்றைத் துழாவுவார்கள். விரல் இறாலைத் தொட்ட நொடியில் பிடித்துப் பறிக்குள் போட வேண்டும். கண்ணுக்கு அங்கே வேலை இல்லை, எல்லாம் கைதான். பூங்காவனத்தின் வலது கைக்கு அந்தக் கரையில் நல்ல பெயர். அவள் போன தடத்தில் பின்னால் போனால் ஒன்றும் மிச்சமிருக்காது என்பார்கள்.

நான் ரிட்டயர் ஆவதற்குச் சில வருஷங்கள் முன்னால், கோயில் திருவிழா முடிந்த வாரம், குழந்தைகளுக்கு ஊசி போட அங்கே போனேன். நல்ல மழை பெய்து விட்டிருந்தது. பெண்கள் எல்லாரும் ஏரியில். பூங்காவனம் மட்டும் வீட்டுக்குள் படுத்திருந்தாள். உடம்பு கொதித்தது. வலது முன்கை வீங்கி, தோல் பளபளவென்று இழுத்துக்கொண்டிருந்தது. அதில் புதுப் பச்சை. மணிக்கட்டுப் பக்கம் ‘பூ’வில் ஆரம்பித்து, முழங்கைப் பக்கம் ‘வனம்’ என்று முடிந்தது. நடுவில் எழுத்து தெரியவில்லை. கருநீலத்தில் கொப்புளம்.

பக்கத்தில் அவள் மாமியார் அஞ்சலை உட்கார்ந்து விசிறிக்கொண்டிருந்தாள்.

“இன்னா அஞ்சலை இது?”

“சாமி குத்தம் நர்சம்மா. புருஷன் பேரு குத்துவாங்கோ, புள்ள பேரு குத்துவாங்கோ, சாமி பேரு குத்துவாங்கோ. இவ, இவ பேரையே குத்திக்கினு வந்து நிக்கிறா. உம் பேரு உனக்கே மறந்துடுமாடின்னு ஊரே சிரிச்சுது. சாமி சும்மா வுடுமா? பூசாரிக்கு ஆள் அனுப்பிக்கிறேன்.”

நான் பேனாவை எடுத்து, சிவப்பு எங்கே முடிகிறதோ அந்த ஓரத்திலேயே கையைச் சுற்றிக் கோடு போட்டேன். புண்ணின் சிவப்பு பரவுகிறதா என்று பார்க்க அதுதான் வழி. சுகாதார நிலைய டாக்டரம்மாவுக்குப் போன் செய்தேன். விவரம் சொன்னதும் வண்டி அனுப்புகிறேன் என்றார். “கோட்டைத் தாண்டுதா பாருங்க சிஸ்டர். தாண்டினா கைக்கு மட்டும் இல்ல, உயிருக்கே ஆபத்து” என்றார். இரத்த அழுத்தம் பார்த்தேன், மாத்திரை கொடுத்தேன், பக்கத்து வீட்டுக் குழந்தைக்கு ஊசி போட்டுவிட்டு ஓடி வந்து பார்த்தேன். சிவப்பு என் கோட்டைத் தாண்டி ஒரு விரல்கடை போயிருந்தது.

“அஞ்சலை, இங்க பாரு. இது நான் போட்ட கோடு. இப்ப எங்க கீது பாரு. வண்டி வருது. இவள இட்டுக்கினு போவணும்.”

“பூசாரி வந்து பாக்காம எங்கயும் அனுப்ப மாட்டேன் நர்சம்மா. கைய எடுத்துடுவாங்கோ. கை இல்லாம இவ இன்னா பண்ணுவா?”

அவள் கெட்டவள் அல்ல. பயந்துபோனவள். அவளைக் கடிந்துகொண்டால் இன்னும் இறுகுவாள் என்று தெரிந்தது. அவள் விசிறியைப் பிடித்திருந்த கையைப் பார்த்தேன். பழைய எல்லம்மா, அதற்குக் கீழே செத்துப்போன புருஷன் பெயர். எழுத்து கொஞ்சம்கூடக் கலையாமல், சோக்காக இருந்தது. எனக்கு நிஜமாகவே ஒன்று தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

“அஞ்சலை, இத்த குத்துனப்ப நீ எப்ப ஏரில எறங்குன?”

யோசிக்காமலே பதில் வந்தது. “எங்க எறங்குனேன்? பொருக்கு உதுர்ற வரைக்கும் தண்ணியத் தொடவே வுடல எங்க அம்மா. மஞ்சளும் எண்ணெயும் தடவி வூட்டுலயே குந்த வெச்சிருந்தா. கஞ்சி கூட ஊட்டித்தான்…”

பேச்சு நின்றுவிட்டது. விசிறியும் நின்றுவிட்டது.

“இவ எப்ப எறங்குனா?”

தரையைப் பார்த்தபடி சொன்னாள்: “குத்திக்கினு வந்த மறுநாளு. மழை வுட்டுச்சு, இறாலு ஓடிச்சு. நாந்தான் கூப்புட்டேன். எழுந்து வாடின்னு நாந்தான் கூப்புட்டேன்.”

“புண்ணுக்குள்ள சேத்துத் தண்ணி பூந்துடுச்சு. அவ்ளோதான். பேருக்கும் சாமிக்கும் ஒண்ணும் இல்ல.”

“அப்ப நாந்தான் பண்ணிட்டனா?”

“இறாலு ஓடறப்ப எவதான் கூப்புடாம இருப்பா? எழுந்திரு.”

எழுந்தாள். மருமகளின் இடது கையை எடுத்துத் தன் தோள்மேல் போட்டுக்கொண்டாள். வாசலுக்கு வரும்போது பூசாரி விபூதித் தட்டோடு எதிரே வந்தார். “நீ அப்பறமா வா” என்று அவரை ஒதுக்கிவிட்டு, வண்டியில் முதலில் ஏறி உட்கார்ந்ததும் அஞ்சலைதான்.

சென்னைப் பெரிய ஆஸ்பத்திரிவரை நானும் போனேன். பூங்காவனத்துக்குக் கண் செருகிக்கொண்டே வந்தது. தூங்க விடக் கூடாது என்று பேச்சுக் கொடுத்தேன். எல்லாரையும் கேட்ட கேள்வியை அவளை மட்டும் இன்னும் கேட்கவில்லை.

“ஏண்டி பூங்காவனம், எதுக்குடி உம் பேரையே குத்திக்கின?”

உதடு காய்ந்திருந்தது. ஆனாலும் சொன்னாள்: “தண்ணிக்குள்ள கைய வுட்டா கை தெரியாது நர்சம்மா. வாயில பறி கீது, பேசவும் முடியாது. நாள் பூரா நான் ஒருத்தி அங்க கீறேன்னே எனக்குத் தெரியாது. கை வெளிய வர்றப்போ இறாலோட வருது. இத்தினி இறாலு புடிக்கிற கை யாரு கைன்னு அதுல எளுதியிருந்தா இன்னா?”

அஞ்சலை முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். எப்படியாவது அந்தக் கை பிழைக்க வேண்டும் என்று, வேலையில் சேர்ந்த நாளிலிருந்து எதற்கும் வேண்டாத அளவுக்கு, அந்த வண்டியில் வேண்டிக்கொண்டேன்.

ஆஸ்பத்திரியில் சேர்க்கும் இடத்தில் இருந்தவர், “பேஷண்ட் பேர் என்ன?” என்று கேட்டார். பெயர் கேட்டால் கையைக் காட்டும் எங்கள் ஊர் வழக்கம் அவருக்கு எப்படித் தெரியும்? அஞ்சலை மருமகளின் கையைப் பூப்போலத் தூக்கிக் காட்டி, “எளுதியிருக்கு பாரு, படிச்சுக்கோ” என்றாள். நடுவில் எழுத்தே தெரியாவிட்டாலும், காலையில் சாமி குத்தம் என்று சொன்ன அதே பெயர்தான்.

கையை எடுக்க வேண்டி வரலாம் என்று சொல்லித்தான் உள்ளே கொண்டுபோனார்கள். எடுக்கவில்லை. கெட்டுப்போன தோலையும் சதையையும் வெட்டிச் சுத்தம் செய்து, பிறகு தொடையிலிருந்து தோல் எடுத்து வைத்தார்கள். பெயரில் நடு எழுத்துகள் போய்விட்டன. ஒரு முனையில் ‘பூ’, மறு முனையில் ‘வனம்’, நடுவில் வழுவழுவென்று ஒரு தழும்பு. விரல்கள் முதலில் மடங்கவில்லை. அஞ்சலை தினமும் ஒரு சட்டியில் களிமண்ணைக் குழைத்து வைத்து, அதற்குள் கூழாங்கல்லைப் போட்டு, தேடி எடு என்று மருமகளை உட்கார வைப்பாள். பயிற்சி கொடுக்கிறவர்கள் சொன்ன ரப்பர் பந்தைவிட அது நன்றாக வேலை செய்தது. சரியாகிவிட்டது என்று யாரும் எனக்குச் சொல்லி அனுப்பவில்லை. ஒருநாள் என் மேஜைமேல் இலையில் சுற்றிய இறால் இருந்தது, அவ்வளவுதான். அதைப் பார்த்து நான் அழுதேன்.

தீபாவும் நானும் போன வாரம் அந்தக் கடைக்குப் போனோம். கடைக்கார இளைஞன் ஒழுங்கானவன். ஆளுக்கு ஒரு ஊசி, உறை பிரிக்காமல் வைத்திருந்தான். மையை ஆளுக்குத் தனியாகச் சின்னக் கிண்ணத்தில் ஊற்றுகிறான். போட்ட ஊசியைப் போடத் தனி டப்பா. தீபா ஒவ்வொன்றாகப் பார்த்துத் தலையாட்டினாள், தைரியம் எல்லாம் தானாகவே வந்துவிட்டது. நான் ஒரே ஒரு விஷயம்தான் சொன்னேன்: இந்த ஊரில் கடை போட்டால், குத்தும் முன் ஏரிக்குப் போகிற ஆளா என்று கேட்க வேண்டும். இப்போது அந்தக் கண்ணாடிக் கதவில், ‘பொருக்கு உதிரும்வரை ஏரியில் இறங்காதே’ என்று ஒட்டியிருக்கிறது. வாசகம் அஞ்சலையின் அம்மாவுடையது.

நான் போகிறேன் என்று கேள்விப்பட்டுப் பூங்காவனமும் வந்திருந்தாள். தழும்பின் மேல் குத்தலாமா என்று ஆஸ்பத்திரியில் காட்டி, இப்போது குத்தலாம் என்று பதில் வாங்கிக்கொண்டே வந்திருந்தாள். போன எழுத்துகளை எழுதப்போகிறாள் என்று நினைத்தேன்.

“எளுத்து போனா போவுது. பழைய எடத்துல பழையதே எதுக்கு? இறாலு ஒண்ணு போடுப்பா. பெருசா.”

போட்டான். ‘பூ’வுக்கும் ‘வனம்’ என்பதற்கும் நடுவில் உடம்பெல்லாம் வரி போட்ட ஒரு இறால், மீசை தழும்பைத் தாண்டி எழுத்துகள் வரைக்கும் நீட்டிக்கொண்டு. கால் ஒன்று குறைகிறது என்று அவள் சண்டை போட்டு, அதையும் போட வைத்தாள். கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துச் சிரித்தாள். நான் பார்த்த கைகளிலேயே அழகான கை அதுதான்.

கடைக்காரன் சும்மா இருந்திருக்கலாம். “அம்மா, உங்களுக்கு ஏதாவது?” என்று கேட்டுவிட்டான்.

தீபா என்னைப் பார்த்தாள். என் கையை நான் பார்த்தேன். ஊர்க் கையெல்லாம் படித்தவளின் கையில் ஒரு புள்ளிகூட இல்லை. அப்பா போய்ப் பல காலம் ஆகிறது. வேலையிலும் இப்போது இல்லை. அவன் காதருகே போய் எனக்கு வேண்டியதைச் சொன்னேன். என் இடது முன்கையின் உள்பக்கம் அச்சு ஒட்டி எடுத்து, மெஷினை முடுக்கினான். ர்ர்ர் என்று அது பாடியது.

எத்தனை பேருக்கு ஊசி போட்டிருக்கிறேன் என்று எனக்கே தெரியாது. எல்லாரும் கேட்டுச் சிரியுங்கள்: ஊசி கிட்டே வந்ததும் என் கை தானாகப் பின்னால் போனது. அவன் மறுபடி இழுத்து வைத்தான். மறுபடி போனது. தீபா வாயைப் பொத்திக்கொண்டாள். கோவிந்தன் பார்த்திருந்தால் எனக்கு ஊரில் மானமே மிஞ்சியிருக்காது.

வலப்பக்கம் உட்கார்ந்திருந்த பூங்காவனம் என் இன்னொரு கையைப் பிடித்தாள்.

“நர்சம்மா, உங்கள ஒண்ணு கேக்கணும்னு ரொம்ப நாளா. தப்பா நெனைக்கக் கூடாது.”

“இன்னாடி?”

“உங்க பேரு இன்னா?”

நான் அவள் பக்கம் திரும்பினேன். விளையாட்டுக்குக் கேட்கிறாளோ என்று பார்த்தேன். இல்லை, அவளுக்கு நிஜமாகவே தெரியவில்லை. தோணிரேவிலும் பசியாவரத்திலும் பிறந்த பாதிப் பேருக்கு முதல் ஊசி போட்டவள் நான். அந்த ஊர்களில் ஒருத்தர்கூட இதை என்னிடம் கேட்டதில்லை.

“கனகவல்லி” என்றேன்.

“கனகவல்லியா?” அவள் அதை மெதுவாக ஒருமுறை சொல்லிப் பார்த்தாள். “நல்ல பேராத்தான கீது. இத்தினி வருஷமா இத்த எங்க வெச்சிருந்தீங்கோ?”

பதில் சொல்ல வாயெடுத்து, கையைப் பார்த்தேன். முதல் எழுத்தான ‘க’ முடிந்திருந்தது.